கழற்றிய பாகம் எங்கே? அதை முதலில் கேளுங்கள்

கேள்வி: வணக்கம் மேடம். திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறேன். 2018 மாடல் ஆல்டோ கே10 வைத்திருக்கிறேன். ஏசி போட்டு நான்கு பேர் ஏறினால் குன்னூர் மலைப்பாதையில் இரண்டாவது கியரை விட்டு மேலே போக முடியவில்லை. தெரிந்தவர் சொன்ன ஒர்க்‌ஷாப்பில் கோன் ஃபில்டர் (கூம்பு வடிவத் திறந்த ஏர் ஃபில்டர்) 2,800, ஹெடர்ஸ் (புகையை வேகமாக வெளியேற்றும் குழாய்கள்) 8,500, ஃப்ரீ ஃப்ளோ சைலன்சர் 5,200, கூலி 2,000 என மொத்தம் 18,500 ரூபாய் செலவு செய்தேன். "கேஸ் எதுவும் வராது, புகைச் சான்றிதழ் நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று வாட்ஸப்பில் சொன்னார்கள். அடுத்த மாதமே செக் இன்ஜின் லைட் எரிய ஆரம்பித்தது. அதன் பிறகு டிராஃபிக் எஸ்.ஐ. ஒருவர் நிறுத்தி, செல்போன் ஆப்பில் 96 டெசிபல் என்று காட்டி, 182ஏ(4), 190(2) என்று இரண்டு பிரிவில் சலான் போட்டார். இன்னும் கட்டவில்லை. மூன்று மாதத்துக்கு முன் சிக்னலை மீறி வந்த கார் என் காரின் இடது பக்கம் மோதியது. எஃப்.ஐ.ஆர். இருக்கிறது. 72,000 ரூபாய் எஸ்டிமேட். வண்டியில் அனுமதியில்லாத மாற்றம் இருக்கிறது என்று இன்ஷூரன்ஸ் கம்பெனி கிளெய்மை மறுத்துவிட்டது. பழைய பாகங்களைக் கேட்டால், "ஸ்கிராப்பில் போயிடுச்சு" என்கிறார்கள். சலானை எதிர்க்கலாமா? இன்ஷூரன்ஸ் பணம் வருமா? ஆர்.டி.ஓ.விடம் அனுமதி வாங்கி இதை அப்படியே வைத்துக்கொள்ள முடியுமா?

பதில்: உங்கள் மூன்று கேள்விகளிலும் ஒரு பொருள் விட்டுப் போயிருக்கிறது: புகையிலுள்ள நச்சு வாயுக்களைக் குறைக்கும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர். சைலன்சர் சத்தத்தைப் பற்றி நிறைய எழுதியிருக்கிறீர்கள். ஆனால் சத்தம் இதில் சின்ன விஷயம். இன்றைய பல சின்ன கார்களில் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டை (இன்ஜினிலிருந்து புகையைச் சேர்த்து வெளியேற்றும் குழாய்) ஒட்டியே கன்வெர்ட்டர் இருக்கும். ஹெடர்ஸ் போடுகிறோம் என்று மேனிஃபோல்டைக் கழற்றினால் அதுவும் கூடவே வெளியே வந்துவிடும். உங்களுக்கு செக் இன்ஜின் லைட் எரிந்ததைப் பார்த்தால் அதுதான் நடந்திருக்க வேண்டும். கன்வெர்ட்டருக்குப் பின்னால் உள்ள ஆக்சிஜன் சென்சார், புகை சுத்தமாகவில்லை என்று சொல்கிறது. ஒரு ஸ்கேனர் போட்டுப் பார்த்து, அது காட்டும் பிழைக் குறியீட்டை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். பின்னால் சாட்சியமாகும்.

"ஸ்கிராப்பில் போயிடுச்சு" என்ற பதிலை அப்படியே ஏற்காதீர்கள். கன்வெர்ட்டருக்குள் பிளாட்டினம், பல்லேடியம், ரோடியம் பூச்சு இருக்கிறது. அதற்காகவே அதை விலை கொடுத்து வாங்குகிறவர்கள் இருக்கிறார்கள். தகரத்தோடு தகரமாக யாரும் அதை எறிய மாட்டார்கள். அது உங்கள் சொத்து. வேலைக்காக ஒப்படைத்த பொருளை வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும் என்பது 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 160-வது பிரிவு. விற்றுக் காசாக்கியிருந்தால் புதிய குற்றவியல் சட்டமான பாரதிய நியாய சன்ஹிதா 316-வது பிரிவின்படி நம்பிக்கை மோசடிப் புகாருக்கும் இடம் உண்டு. நான் முதலில் போலீஸுக்குப் போகச் சொல்ல மாட்டேன். 15 நாள் கெடு வைத்து, டெலிவரிச் சான்றோடு ஸ்பீடு போஸ்ட்டில் ஒரு நோட்டீஸ் அனுப்புங்கள். அதில் பழைய மேனிஃபோல்டு, கன்வெர்ட்டர், சைலன்சர், ஏர் ஃபில்டர் பாக்ஸ் என்று பெயர் சொல்லிக் கேளுங்கள். "பழைய பாகங்கள்" என்று மட்டும் எழுதினால் ஒரு துருப்பிடித்த சைலன்சரைக் கையில் கொடுத்து அனுப்பிவிடுவார்கள்.

இனி சலான். மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு, தயாரிப்பாளர் குறிப்பிட்ட விவரங்களிலிருந்து ஆர்.சி. விவரங்கள் மாறுபடும்படி வண்டியை மாற்றக் கூடாது என்கிறது. 2019 ஜனவரியில் கே. ஜெயச்சந்திரா வழக்கில் உச்ச நீதிமன்றம் இதை மிகக் கண்டிப்பாக உறுதி செய்தது. அதே ஆண்டு திருத்தத்தில் வந்த 182ஏ(4) பிரிவு, ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும் என்கிறது. "ஒவ்வொரு" என்ற சொல்லைக் கவனியுங்கள். உங்கள் வண்டியில் மூன்று மாற்றங்கள் இருக்கின்றன.

ஆனால் 52-வது பிரிவின் விளக்கத்தில் ஒரு வாசல் இருக்கிறது. வண்டியின் கட்டமைப்பில் செய்யும் மாறுதலால் அதன் அடிப்படைத் தன்மையே மாறினால்தான் அது 'மாற்றம்'. ஏர் ஃபில்டர் மாற்றியதால் ஆல்டோ ஆல்டோவாக இல்லாமல் போய்விட்டதா என்று தாராளமாக வாதாடலாம். ஆர்.சி.யில் ஏர் ஃபில்டர் பற்றி ஒரு வரிகூட இல்லை. கோன் ஃபில்டர் அளவில் இந்த வாதம் நிற்கும் என்றே நினைக்கிறேன்.

190(2)-இல் அந்த வாசல் கிடையாது. சாலைப் பாதுகாப்பு, ஒலி, காற்று மாசு தொடர்பான தரங்களை மீறும் வண்டியைப் பொது இடத்தில் ஓட்டினாலே அது குற்றம். முதல் முறைக்கு மூன்று மாதம் வரை சிறை, அல்லது 10,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். கூடவே மூன்று மாதம் லைசென்ஸ் தகுதியிழப்பு. அந்த செல்போன் ஆப் அளவைக் கோர்ட்டில் கிழித்துவிடலாம். காருக்கு உள்ள 74 டெசிபல் வரம்பு, தயாரிப்பு நிலையில் குறிப்பிட்ட தூரத்தில் மைக் வைத்து, ஓடும் வண்டியில் எடுக்கும் சோதனைக்கு உரியது. சாலையோரத்தில் சைலன்சர் பக்கத்தில் நீட்டிய போனுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. சரி, அதோடு தப்பித்துவிடலாமா? முடியாது. மத்திய மோட்டார் வாகன விதிகளில் 120-வது விதி, முடிந்தவரை சத்தத்தைக் குறைக்கும் சைலன்சர் இருக்க வேண்டும் என்கிறது. அதற்கு மீட்டர் தேவையில்லை, காது போதும். பிறகு 115-வது விதி. பிஎஸ்-4 (உங்கள் காருக்குரிய மாசுத் தரம்) பெட்ரோல் காருக்கு ஐடிலிங்கில் (வண்டி நின்று இன்ஜின் மட்டும் ஓடும்போது) கார்பன் மோனாக்சைடு 0.3 சதவீதம், ஹைட்ரோகார்பன் 200 பிபிஎம், இவற்றைத் தாண்டக் கூடாது. கன்வெர்ட்டர் இல்லாமல் நேர்மையான சோதனையில் இது தேறுவது கஷ்டம். "நாங்களே எடுத்துத் தருகிறோம்" என்று அவர்கள் சொன்ன சான்றிதழ் எப்படி வந்தது என்று நான் கேட்கப் போவதில்லை. ஆனால் 116-வது விதிப்படி ஒரு சப்-இன்ஸ்பெக்டரோ மோட்டார் வாகன ஆய்வாளரோ மறுபடி சோதிக்கச் சொன்னால், கையிலுள்ள அந்தக் காகிதம் காப்பாற்றாது.

அதனால் என் யோசனை: வண்டியைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து, புதிதாகப் புகைச் சோதனை எடுத்து, பிறகு சலானை சமரசக் கட்டணமாகக் கட்டி முடியுங்கள். இந்த இரண்டு பிரிவுகளுக்கும் 200-வது பிரிவு அதை அனுமதிக்கிறது. கட்டிவிட்டால் இந்த வழக்கு முடிந்தது. ஆனால் மறுபடி இதே குற்றத்தில் சிக்கினால், இப்போது கட்டியது முதல் குற்றமாகவே எண்ணப்படும். பாகங்களை மாற்றாமல் சலானை மட்டும் கட்டினால் அடுத்த சிக்னலிலேயே அது 'இரண்டாவது முறை' ஆகிவிடலாம். அதனால்தான் இந்த வரிசை.

ஆர்.டி.ஓ. அனுமதி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிறம் மாற்றலாம், அங்கீகரிக்கப்பட்ட சிஎன்ஜி கிட் போடலாம், அதே ரக இன்ஜினை மாற்றலாம். இவற்றுக்கு வழி இருக்கிறது. கன்வெர்ட்டரை எடுத்துவிட்டுப் போட்ட ஹெடர்ஸுக்கு யாரும் ஒப்புதல் எழுத மாட்டார்கள். அலைய வேண்டாம்.

இன்ஷூரன்ஸில் உங்கள் நிலை நீங்கள் நினைப்பதைவிட நன்றாகவே இருக்கிறது. எதிரே வந்தவர் சிக்னலை மீறினார். உங்கள் சைலன்சர் யாரையும் இடிக்கவில்லை. இழப்புக்கும் பாலிசி மீறலுக்கும் தொடர்பில்லாதபோது மொத்தமாகக் கைவிரிக்கக் கூடாது என்ற போக்கை உச்ச நீதிமன்றம் 2008-இல் நிதின் கண்டேல்வால் வழக்கில் எடுத்தது. 2010-இல் அமலேந்து சாஹூ வழக்கில், நிபந்தனை மீறல் இருந்தாலும் 75 சதவீதம் வரை கொடுக்கலாம் என்ற 'நான்-ஸ்டாண்டர்ட்' தீர்வை ஏற்றது. இரண்டும் வாடகைக்கு ஓட்டியது போன்ற பயன்பாட்டு மீறல்கள்தான், மாற்றம் செய்த வண்டிகள் அல்ல. எதிர்த் தரப்பு வக்கீல் அதைச் சொல்வார். மாற்றத்தை நீங்கள் கம்பெனிக்குத் தெரிவிக்கவில்லை என்பதையும் சொல்வார். அப்படியும் 72,000-இல் ஒரு நல்ல பங்கு கிடைக்கும் என்றுதான் நினைக்கிறேன்.

முதலில், சேதத்தை மதிப்பிட்ட சர்வேயரின் அறிக்கை நகலை எழுத்தில் கேளுங்கள். பிறகு கம்பெனியின் குறைதீர்ப்புப் பிரிவுக்கு ஒரு மனு. ஒரு மாதத்தில் பதில் இல்லை, அல்லது திருப்தி இல்லை என்றால் சென்னையில் உள்ள இன்ஷூரன்ஸ் ஆம்பட்ஸ்மேனிடம் (இன்ஷூரன்ஸ் புகார்களை விசாரித்துத் தீர்க்கும் அதிகாரி) போகலாம். கட்டணம் இல்லை, வக்கீலும் வேண்டாம். கம்பெனி மறுத்த நாளிலிருந்து ஒரு வருடத்துக்குள் போக வேண்டும். தீர்ப்பு கம்பெனியைக் கட்டுப்படுத்தும், உங்களைக் கட்டுப்படுத்தாது. ஆனால் இதே கிளெய்முக்காக நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போட்டுவிட்டால் ஆம்பட்ஸ்மேன் எடுக்க மாட்டார். இரண்டிலும் கால் வைக்காதீர்கள்.

நீங்கள் கேட்காத ஒரு வழியும் இருக்கிறது, பலரும் இதை மறந்துவிடுகிறார்கள். மோதிய காரின் உரிமையாளர் மீதும் அவருடைய இன்ஷூரன்ஸ் மீதும் மோட்டார் வாகன விபத்து தீர்ப்பாயத்தில் சேதத்துக்கு இழப்பீடு கேட்கலாம். உடல் காயத்துக்கு மட்டும்தான் அந்தத் தீர்ப்பாயம் என்பது தவறான எண்ணம். அங்கே உங்கள் ஹெடர்ஸ் பற்றி யாரும் பெரிதாகப் பேச முடியாது. தப்பு யாருடையது என்பதுதான் கேள்வி. ஒரே சேதத்துக்கு இரண்டு இடத்தில் பணம் வாங்க முடியாது என்பதையும் நினைவில் வையுங்கள். 166(3) பிரிவு விபத்து நாளிலிருந்து ஆறு மாதம் என்கிறது. உங்களுக்கு மூன்று மாதம் போய்விட்டது.

அப்புறம் ஒர்க்‌ஷாப். நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019-இன்படி நீங்கள் வசிக்கும் மாவட்ட ஆணையத்திலேயே வழக்குப் போடலாம். கொடுத்த தொகை 5 லட்சத்துக்குள் என்பதால் கட்டணம் இல்லை. இரண்டு வருடம் அவகாசம். "நீயும் தெரிந்துதானே போட்டாய்?" என்று ஆணையம் கேட்கும். அதற்கு உங்கள் பதில் அந்த வாட்ஸப் மெசேஜ்தான். தொழில் தெரிந்தவர் "கேஸ் வராது" என்று உறுதி கொடுத்தார், நம்பினேன். போனை மாற்றிவிடாதீர்கள், சாட்டை அழித்துவிடாதீர்கள். மின்னணுச் சாட்சியத்துக்கு, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியம் 63-வது பிரிவின்படி ஒரு சான்று இணைக்க வேண்டும். பணம் ஜிபேயில் போயிருந்தால் அந்த ஸ்டேட்மென்ட்டும் வேண்டும். 18,500, புதிய கன்வெர்ட்டர் வாங்க நேர்ந்தால் அதன் பில், சலான் தொகை, மூன்றையும் சேர்த்துக் கேளுங்கள். சலான் தொகையை முழுதாகக் கொடுப்பார்களா என்பது சந்தேகம்தான்.

என் ஆபீஸில் கார் பைத்தியமான ஒரு ஜூனியர் இருக்கிறார். உங்கள் கடிதத்தைப் படித்துவிட்டு அவர் சொன்னது இது. பானெட்டுக்குள் திறந்து கிடக்கும் கோன் ஃபில்டர் ரேடியேட்டர் பக்கத்துச் சூட்டுக் காற்றைத்தான் இழுக்கும். சூட்டுக் காற்றில் ஆக்சிஜன் அடர்த்தி குறைவு. கம்பெனி பாக்ஸ் முன்பக்கத்துக் குளிர்ந்த காற்றை எடுக்கும்படிதான் வடிவமைத்திருக்கிறார்கள். 998 சிசி இன்ஜினில் சத்தம் கூடியதைப் பவர் கூடியதாக நினைத்துக்கொள்கிறோம் என்றார். கம்பெனி பாக்ஸுக்குள்ளேயே உட்காரும் பேனல் ஃபில்டர் மாற்றினால் சட்டப் பிரச்சினையும் வராது. குன்னூர் ஏற்றத்துக்குப் புது ஸ்பார்க் பிளக், சரியான டயர் காற்று, கிளட்ச் செக்கப், கொண்டை ஊசி வளைவுகளில் ஏசி ஆஃப். அவருடைய யோசனை அவ்வளவுதான்.

நோட்டீஸை இந்த வாரமே அனுப்புங்கள். கெடு முடிந்தும் கன்வெர்ட்டர் வரவில்லை என்றால், அதற்காகக் காத்திருந்து தீர்ப்பாயத்தின் ஆறு மாதத்தைக் கோட்டை விட்டுவிடாதீர்கள். எஃப்.ஐ.ஆர். நகல், ஆர்.சி., பாலிசி, எஸ்டிமேட், மறுப்புக் கடிதம் இவற்றோடு ஒரு வக்கீலைப் பார்த்து, அந்த மனுவை முதலில் தாக்கல் செய்யுங்கள்.