ரத்தத்தில் ஈயம் 4.2: அறிக்கையிலுள்ள 3.5 எதைக் குறிக்கிறது?

உங்கள் மூன்று வயது மகளுக்கு ரத்த ஈயம் டெசிலிட்டருக்கு 4.2 மைக்ரோகிராம் என்று வந்ததைக் கடும் நஞ்சேற்றமாகக் கொள்ள வேண்டாம், 3.5 என்பது, அமெரிக்கத் தேசிய ஆய்வில் 1 முதல் 5 வயதுக் குழந்தைகளில் 97.5 விழுக்காட்டினர் அதற்குக் கீழே இருந்ததைக் கொண்டு 2021இல் வைக்கப்பட்ட ஒப்பீட்டு அளவே தவிர, பாதுகாப்பு எல்லை அன்று.

அம்பாசமுத்திரத்து ஆச்சி வீட்டு ஈயச்சொம்பில்தான் தினமும் ரசம் என்று எழுதியிருக்கிறீர்கள். என் சந்தேகம் அதன்மேல்தான். சொம்பு வெள்ளீயமாக (tin) இருக்க வேண்டும். ரத்தத்தில் அளந்த நஞ்சான காரீயம் (lead) கலந்திருந்தால் (நம் பேச்சில் இரண்டும் ஈயந்தான்) புளியின் அமிலம் அதைக் கரைத்து ரசத்தில் சேர்த்துவிடும்.

சொம்பைப் பரணில் ஏற்றிவிட்டு, மூன்று மாதம் கழித்து, விரல் நுனியில் குத்தி எடுக்காமல் கை நரம்பில் ரத்தம் எடுத்துப் பாருங்கள்.

எலும்பில் தங்கிய ஈயம் மெல்லத்தான் வெளியேறும் என்பதால் எண் சட்டென்று இறங்காமல் போகலாம். தீங்கற்ற ஈய அளவு என எதுவும் கண்டறியப்படாததால், குழந்தை மருத்துவரிடம் காட்டி இரும்புச்சத்தையும் சோதிக்கச் சொல்லுங்கள். அது குறைந்தால் குடல் ஈயத்தைக் கூடுதலாக உறிஞ்சும்.