பஹியா புல்லுக்கு எந்த மோவர் தாங்கும்?

கேள்வி: ஃப்ளோரிடாவில் ஒகாலா பக்கம் நான்கு ஏக்கர் வாங்கிக் குடிவந்திருக்கிறோம். முழுக்க பஹியா புல். கையிலிருக்கும் சாதாரண ரைடிங் மோவர் (உட்கார்ந்து ஓட்டும் புல்வெட்டி) திணறுகிறது, வெட்டிய மறுநாளே கதிர்த் தண்டுகள் நிமிர்ந்து நிற்கின்றன. கமர்ஷியல் ஜீரோ டர்ன், அதாவது நின்ற இடத்திலேயே திரும்பும் தொழில்முறை மோவர், வாங்க நினைக்கிறேன். 27 குதிரைத்திறன் போதுமா? பின்பக்கம் ஒரு குளமும் உண்டு.

பதில்: தாராளமாகப் போதும். ஆனால் குதிரைத்திறனை மட்டும் பார்த்து வாங்கிவிடாதீர்கள், எல்லோரும் ஏமாறுகிற இடம் அதுதான். பஹியாவின் இலை ஒரு பிரச்சினையே இல்லை, அந்தக் கதிர்த் தண்டுதான் கம்பி மாதிரி. முன்சக்கரமும் டெக்கின் (பிளேடுகளை மூடியிருக்கும் தகட்டுக் கூடு) விளிம்பும் அதை மடக்கிவிடும், பிளேடு அதற்கு மேலாகப் போய்விடும், மறுநாள் அது எழுந்து நிற்கும். இதற்கு மருந்து கூர்மையான பிளேடும் மெதுவான ஓட்டமும்தான். கோடையில் வாரத்துக்கு ஒருமுறை, 3 முதல் 4 அங்குல உயரத்தில் வெட்டுங்கள். மாற்று பிளேடு ஒரு செட் எப்போதும் கையில் இருக்கட்டும், இந்தப் புல் பிளேடை அவ்வளவு சீக்கிரம் மழுக்கிவிடும்.

உங்கள் ஊர் மணல் பூமி என்பதையும் மறக்காதீர்கள். காற்றை அதிகமாக இழுக்கும் ஹை-லிஃப்ட் பிளேடு போட்டால் புல்லோடு மணலையும் சேர்த்து உறிஞ்சி, பிளேடின் இறக்கையையும் டெக்கின் உட்பக்கத்தையும் உப்புத்தாள் போட்டதுபோல் தேய்த்துவிடும். லோ-லிஃப்ட் அல்லது மீடியம்-லிஃப்ட் கேளுங்கள். வெட்டு கொஞ்சம் அழகு குறையலாம், பரவாயில்லை.

சரி, மெஷினுக்கு வருவோம். டீலரிடம் போனால் முதலில் குனிந்து பின்சக்கரங்களுக்குப் பக்கத்தில் இருக்கும் ஹைட்ரோவை, அதாவது எண்ணெய் அழுத்தத்தால் சக்கரத்தைச் சுழற்றும் பாகத்தைப் பாருங்கள். ஜீரோ டர்னில் இரண்டு பின்சக்கரத்துக்கும் தனித்தனி ஹைட்ரோ, வண்டியின் ஆயுள் பெரும்பாலும் அதில்தான் இருக்கிறது. ஹைட்ரோ-கியர் நிறுவனத்தின் ஈ.இசட்.டி. என்று இருந்தால் அது வீட்டு உபயோகத்துக்கானது, பெயின்டும் ஸ்டிக்கரும் என்ன சொன்னாலும் சரி. இசட்.டி. 3400 அல்லது அதற்கு மேல் போங்கள், எண்ணெயும் ஃபில்டரும் மாற்றலாம். ஃப்ளோரிடா வெயிலில் அடர்ந்த புல்லில் ஓட்டும்போது எண்ணெய் சூடேறி நீர்த்துப்போகும், சின்ன ஹைட்ரோ என்றால் கொஞ்ச நேரத்திலேயே மேட்டில் இழுவை குறைவதை நீங்களே உணர்வீர்கள். முதல் எண்ணெய் மாற்றத்தைத் தள்ளிப்போடவே கூடாது, எத்தனை மணி நேரத்தில் என்று மேனுவலில் இருக்கும்.

டெக் வெல்டிங் செய்ததாக, 7 கேஜ் தகடாக இருக்கட்டும், அதாவது ஏறக்குறைய நாலரை மில்லிமீட்டர். கேஜ் எண் கூடக்கூடத் தகடு மெலியும், 10 கேஜ் என்றால் சுமார் 3.4 மில்லிமீட்டர்தான். ஸ்பிண்டில் (பிளேடு சுழலும் அச்சு) கிரீஸ் அடிக்கக்கூடியதா என்று கேளுங்கள். இன்ஜின் கவாசாகி என்றால் எஃப்.ஆர். வரிசை வீட்டுக்கு, எஃப்.எக்ஸ். தொழிலுக்கு. எஃப்.எக்ஸில் இருக்கும் பெரிய உருளை ஏர் ஃபில்டர் மணல் தூசிக்கு மிகவும் முக்கியம். டெக்கின் அகலம் 60 அங்குலம் போதும், மரங்கள் நெருக்கமாக இருந்தால் 52.

பிராண்டைவிட டீலர் பக்கத்தில் இருப்பது பெரிது என்பது என் கருத்து. ஜூன் மாதத்தில் ஒரு பெல்ட் அறுந்து, அது வரும்வரை வண்டி ஷெட்டில் நின்றால், அதற்குள் புல் முழங்காலுக்கு வந்துவிடும். பெல்ட், ஸ்பிண்டில், பிளேடு மூன்றும் அலமாரியில் இருக்கிறதா என்று நேரில் பார்த்துவிட்டுப் பேரம் பேசுங்கள்.

அப்புறம் அந்தக் குளம். இதை அழுத்திச் சொல்கிறேன். ஜீரோ டர்ன் சரிவில் வழுக்க ஆரம்பித்தால் நிறுத்துவது மிகக் கஷ்டம், முன்சக்கரங்கள் சும்மா சுழலுபவை, பிரேக் பிடிப்பதும் திருப்புவதும் பின்சக்கரங்கள்தான். தண்ணீருக்குள் தலைகீழாகக் கவிழ்ந்து உயிர் போனவர்கள் உண்டு. பின்னால் இருக்கும் பாதுகாப்புக் கம்பியை நிமிர்த்தி வைத்து சீட் பெல்ட் போட்டுத்தான் ஓட்ட வேண்டும், கம்பியை மடக்கியிருந்தால் மட்டும் சீட் பெல்ட் போடக்கூடாது. கரையிலிருந்து மெஷினின் அகலத்தைப்போல் இரண்டு மடங்கு தூரம் விட்டுவிடுங்கள், மிச்சத்தை நடந்தே டிரிம்மரால் வெட்டிக்கொள்ளலாம்.