ராத்திரி வெளியூரில், பகல் தூக்கம் வீட்டில்: எஞ்சின் வேலைக்குப் போகும் மகளின் அம்மாவுக்கு

அம்மா, வணக்கம். வாட்ஸ்அப்பில் நீங்கள் அனுப்பிய குரல்பதிவை இரண்டு தடவை கேட்டேன். எலக்ட்ரிகல் டிப்ளமா படித்த மகள் ரயில்வேயில் அசிஸ்டன்ட் லோகோ பைலட், அதாவது ரயில் எஞ்சின் ஓட்டுபவருக்கு உதவியாளர் வேலைக்கான கணினித் தேர்வு இரண்டையும், அதற்கடுத்த மனத்திறன் தேர்வையும் தாண்டிவிட்டாள். பாக்கி இருப்பது சான்றிதழ் சரிபார்ப்பும் மருத்துவப் பரிசோதனையும். ஊரே வாழ்த்துகிறது, உங்களுக்கு மட்டும் தூக்கம் வரவில்லை. "இப்போ கோயமுத்தூர் கம்பெனிக்குப் பஸ்ஸில் போய்ப் பொழுது சாய வீடு வந்து சேருது. இனி பாப்பா ராத்திரி எங்கே படுக்கும், என்ன சாப்பிடும்?" என்று கேட்டிருக்கிறீர்கள்.

முதலில் அதற்குப் பதில். வண்டி எங்கே போய் நிற்கிறதோ அந்த ஊரில் ரயில்வேயின் ரன்னிங் ரூம் இருக்கும். கட்டில், குளியலறை, மானிய விலையில் சாப்பாடு எல்லாம் உண்டு. ஏசி போட்ட ரன்னிங் ரூம்களும் நிறைய வந்துவிட்டன. எல்லா இடமும் ஒரே தரத்தில் இருக்காது. பெண்களுக்கான தனி அறை பெரிய இடங்களில் நன்றாக இருக்கும், சின்ன இடங்களில் முன்பின் இருக்கும். அங்கே ஏற்கெனவே போய்வரும் பெண் லோகோ பைலட்டுகளிடம் கேட்டாலே எந்த ரன்னிங் ரூம் எப்படி என்று ஒரே மூச்சில் சொல்லிவிடுவார்கள். ஆகவே படுக்கையும் சாப்பாடும் பெரிய கவலை இல்லை. என் அனுபவத்தில், வெளியூர் ராத்திரிக்குப் பயந்து இந்த வேலையை விட்டவர்கள் குறைவு. வீட்டுக்கு வந்த பகலில் நிம்மதியாகத் தூங்க முடியாமல் நொந்துபோனவர்கள்தான் அதிகம். நீங்கள் கேட்காத அந்த விஷயத்தைப் பற்றித்தான் நிறையச் சொல்லப்போகிறேன்.

வேலை எப்படி நடக்கும் என்று ஒரு உதாரணம் பாருங்கள். பாலக்காட்டில் அவளுக்குப் போஸ்டிங் என்று வைத்துக்கொள்வோம். சாயங்காலம் ஆறு மணிக்குப் போன் வரும், "எட்டு மணிக்கு சைன் ஆன்" என்று. சைன் ஆன் என்றால் வேலைக்கு வந்துவிட்டேன் என்று பதிவு செய்வது. இப்படி வரும் போனைத்தான் அங்கே 'கால்' என்பார்கள். பொதுவாக இரண்டு மணி நேரம் முன்னால் வரும். பாலக்காடு ஜங்ஷன் இருக்கும் ஒலவக்கோட்டில் உள்ள லாபிக்கு, அதாவது எஞ்சின் ஊழியர்கள் வேலைக்குப் பதிவு செய்யும் அலுவலகத்துக்குப் போய், ஊதிக் காட்டி மது அருந்தவில்லை என்று நிரூபித்துவிட்டு, பேப்பர்களை வாங்கிக்கொண்டு கூட்ஸ் எஞ்சினில் ஏறுவாள். வழியில் ஒவ்வொரு சிக்னலின் நிறத்தையும் லோகோ பைலட்டும் அசிஸ்டன்ட்டும் ஒருவருக்கொருவர் உரக்கச் சொல்லிக்கொள்ள வேண்டும். ஓட்டுபவர் ஒரு நிமிடம் போல எதையுமே தொடாமல் இருந்துவிட்டால் எஞ்சினில் உள்ள விழிப்புக் கருவி விளக்கைக் காட்டும், அலறும், அதற்கும் அசையாவிட்டால் தானே பிரேக் போட்டுவிடும். வாளையார், எட்டிமடை காட்டுப் பகுதியில் யானை நடமாட்டம் என்பதால் ராத்திரியில் வேகக் கட்டுப்பாடு உண்டு. அந்த இடத்தில் இரண்டு பேருடைய கண்ணும் இருட்டிலேயே இருக்கும். (மதுக்கரைப் பக்கம் 2024-இலிருந்து கேமராக்கள் யானை தண்டவாளத்தை நெருங்குவதைக் கண்டுபிடித்துத் தகவல் கொடுக்கின்றன. அதனால் இவர்கள் கண் மூடிக்கொள்ளலாம் என்றாகிவிடாது.) விடியற்காலை ஈரோட்டில் இறங்கி ரன்னிங் ரூமில் ஓய்வு, திரும்பி வரும் வண்டி கிடைத்ததும் அதில் பாலக்காடு.

எட்டு மணி நேரமோ அதற்கு மேலோ வேலை பார்த்தால் வெளியூரில் 8 மணி நேரம், சொந்தத் தலைமையிடத்தில், அதாவது போஸ்டிங் உள்ள ஊரில், 16 மணி நேரம் ஓய்வு என்பது விதி. வேலை எட்டு மணி நேரத்துக்குக் குறைவு என்றால் தலைமையிட ஓய்வு 12 மணி நேரம். இதுபோக மாதத்தில் நான்கு தடவை 30 மணி நேரமோ, ஐந்து தடவை 22 மணி நேரமோ நீண்ட ஓய்வு தர வேண்டும். இது போதவில்லை, 16-ஐயும் 30-ஐயும் சேர்த்து 46 மணி நேரமாகக் கொடுங்கள் என்று 2024 ஜூனில் தெற்கு ரயில்வே லோகோ பைலட்டுகள் போராட்டமே நடத்தினார்கள். தொடர் இரவு வேலையை இரண்டு ராத்திரியோடு நிறுத்த வேண்டும் என்பதும் அவர்களுடைய கோரிக்கை. வேலையில் இருப்பவர்களே இப்படிச் சொல்லும்போது நான் இதை உங்களிடம் இனிக்க இனிக்கச் சொல்ல முடியாது.

சரி, அந்த 16 மணி நேரத்தைக் கொஞ்சம் கணக்குப் போட்டுப் பார்ப்போம். பாலக்காடு ஜங்ஷனிலிருந்து உங்கள் ஊரான கொழிஞ்சாம்பாறைக்கு வர ஒரு மணி நேரத்துக்குக் குறையாது. அடுத்த சைன் ஆனுக்கு இரண்டு மணி நேரம் முன்னால் கால் வந்துவிடும். மிச்சம் 13 மணி நேரம். அதில் ஏழு மணி நேரம் தூக்கம். குளியல், சாப்பாடு, துணி, அடுத்த பயணத்துக்குப் பெட்டி கட்டுவது எல்லாம் போக, உங்களோடு உட்கார்ந்து பேச மூன்று நான்கு மணி நேரம் கிடைத்தால் பெரிசு. ஓய்வு 12 மணி நேரமாக இருக்கும் நாளில் அதுவும் இல்லை. ராத்திரி பதினொரு மணிக்குக் கால் வந்தால் உங்கள் ஊரிலிருந்து அவள் எதில் போவாள்? பஸ் கிடையாது. அப்பா வண்டியில் கொண்டுபோய் விடலாம், எத்தனை வருஷத்துக்கு? அதனால் போஸ்டிங் பாலக்காடாகவே அமைந்தாலும், ஒலவக்கோட்டில் குவார்ட்டர்ஸ் கேட்டு எழுதிக் கொடுக்கச் சொல்லுங்கள். கிடைக்கும்வரை லாபிக்குப் பக்கத்தில் வாடகைக்கு ஒரு அறை. நீண்ட ஓய்வு வரும்போது மட்டும் ஊருக்கு வரட்டும். "சொந்த வீடு இருக்க வாடகை எதுக்கு" என்று உங்கள் வீட்டில் ஒரு பேச்சு எழும். நீங்கள் அதற்குக் காது கொடுக்க வேண்டாம்.

அப்புறம் அந்தப் பகல் தூக்கம். ராத்திரி முழுக்க விழித்த உடம்பு, காலை வெயில் கண்ணில் பட்டதும் விடிந்துவிட்டது என்று எடுத்துக்கொள்ளும். படுத்தாலும் நான்கைந்து மணி நேரத்தில் எழுப்பிவிடும். எனவே வரும் வழியில் கறுப்புக் கண்ணாடி. வண்டியில் இருக்கும்போது விடியற்காலை மூன்று மணிக்குப் பிறகு டீயோ காபியோ வேண்டாம், குடித்து ஐந்தாறு மணி நேரம் ஆனாலும் அது ரத்தத்தில் பாதி நிற்கும். வீட்டில் கிழக்கு ஜன்னல் இல்லாத அறை, இருட்டான கனத்த திரை. இதெல்லாம் அவள் பார்த்துக்கொள்வாள். உங்கள் பங்குதான் கஷ்டம். மதியம் ஒரு மணிக்கு, "ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் படு கண்ணு" என்று எழுப்பக் கூடாது. பிள்ளை பட்டினி கிடக்கிறதே என்று உங்களுக்கு மனசு அடித்துக்கொள்ளும், எனக்குத் தெரியும். வந்தவுடன் இரண்டு இட்லி, எழுந்தவுடன் சாப்பாடு என்று வைத்துக்கொண்டால் போதும். மிக்சி ஓடுவது, பால் சொசைட்டிக்காரர் கூப்பிடுவது, "ரயில் ஓட்டுற பொண்ணைப் பார்த்துட்டுப் போகலாம்னு வந்தோம்" என்று வரும் சொந்தக்காரர்கள், எல்லாரையும் நீங்கள்தான் திண்ணையோடு நிறுத்த வேண்டும். ஓய்வின் முதல் பாதியில் லாபியிலிருந்து கால் வராது. அந்த நேரத்தில் அவள் போன் சைலன்ட்டில் கிடக்கட்டும்.

தூக்கக் கலக்கத்தோடு ஸ்கூட்டி ஓட்டிக்கொண்டு வீடு வருவதை மட்டும் ஒருபோதும் அனுமதிக்காதீர்கள். எஞ்சினில் கண் அயர்ந்தால் எழுப்ப ஒரு கருவி இருக்கிறது, ஸ்கூட்டியில் கிடையாது.

போன் விஷயம் இன்னொன்று. வண்டி ஓட்டும்போது செல்போனை அணைத்து வைக்க வேண்டும் என்பது விதி. ராத்திரி ஒரு மணிக்கு நீங்கள் கூப்பிட்டு "ஸ்விட்ச்டு ஆஃப்" என்று வந்தால் பதறிவிடக் கூடாது. சைன் ஆன் ஆகும்போது எந்த ஊர் வரை போகிறேன் என்று ஒரு மெசேஜ், சைன் ஆஃப் ஆனதும் ஒரு மெசேஜ். இவ்வளவுதான் ஒப்பந்தம். நடுவில் ஆறு ஏழு மணி நேரம் மௌனம் என்றால் வேலை ஒழுங்காக நடக்கிறது என்று அர்த்தம்.

பெண் பிள்ளை என்பதால் சொல்லியே ஆக வேண்டிய ஒன்று: பெரும்பாலான எஞ்சின்களில் கழிப்பறை இல்லை. சிலவற்றில் இப்போது பொருத்தி வருகிறார்கள், போதாது. இதனால் தண்ணீரே குடிக்காமல் ஓட்டிவிட்டுச் சிறுநீர்த் தொற்றோடு வந்து நிற்பவர்கள் உண்டு. கூட்ஸ் வண்டி வழியில் அடிக்கடி நிறுத்தி வைக்கப்படும், லோகோ பைலட்டிடம் சொல்லிவிட்டு ஸ்டேஷன் கழிப்பறைக்குப் போய்வர வெட்கப்படக் கூடாது என்று இப்போதே பேசிவையுங்கள். ஆண்களுக்காகவே கட்டப்பட்ட வேலை இது, இன்னும் முழுக்க மாறவில்லை. ஆனாலும் சதாராவைச் சேர்ந்த சுரேகா யாதவ் 1989-இல் இந்த வேலையில் சேர்ந்து, 2023 மார்ச்சில் வந்தே பாரத் ஓட்டி, 2025 செப்டம்பரில்தான் ஓய்வு பெற்றார். அவர் சேர்ந்த காலத்தில் இன்றைய வசதியில் பாதிகூட இல்லை.

இந்தத் தாறுமாறான நேரம் கடைசிவரை இப்படியே இருக்காது. ஆரம்ப வருஷங்கள் கூட்ஸ், அதற்கு நேரங்காலம் கிடையாது. பதவி உயர்ந்து பாசஞ்சர், மெயில் வண்டிகளுக்குப் போனால் 'லிங்க்' என்று ஒரு முறை உண்டு. எந்த நாள் எந்த வண்டி, எப்போது திரும்புவோம் என்று முன்கூட்டியே தெரியும். ராத்திரி அப்போதும் இருக்கும், ஆனால் வீட்டில் ஒரு காரியத்துக்கு நாள் குறிக்க முடியும். அதுவரை மாரியம்மன் நோம்பிக்கோ பொங்கலுக்கோ பாப்பா கட்டாயம் வருவாள் என்று யாருக்கும் வாக்குக் கொடுக்காதீர்கள். நீண்ட ஓய்வு ஞாயிற்றுக்கிழமையில்தான் வரும் என்றில்லை, அது செவ்வாயில் வந்தால் செவ்வாய்தான் உங்கள் வீட்டு ஞாயிறு.

கல்யாணப் பேச்சு எடுக்கும்போது மாப்பிள்ளை வீட்டில் "சென்ட்ரல் கவர்மென்ட் வேலை" என்பதோடு நிறுத்திவிடும் வழக்கம் இருக்கிறது. நிறுத்தாதீர்கள். மாதத்தில் எத்தனை ராத்திரி வெளியே இருப்பாள் என்று சொல்ல முடியாது, பகலில் தூங்குவாள், கால் வந்தால் சமைத்துக்கொண்டிருந்தாலும் கிளம்புவாள் என்று முன்னமே போட்டு உடைத்துவிடுங்கள். அதைக் கேட்டு விலகுகிற சம்பந்தம் விலகட்டும்.

சம்பளத்தைப் பற்றி ஒரு எச்சரிக்கை. அடிப்படைச் சம்பளம் 19,900-இல் ஆரம்பம், மேலே அகவிலைப்படி, அதோடு ஓடிய கிலோமீட்டருக்கு ஏற்ப மைலேஜ். இந்த மைலேஜ் நல்ல தொகை. ஆனால் பயிற்சிக் காலத்தில் அது இல்லை, லீவில் இருந்தால் குறையும். தம்பி படிப்புக் கடனுக்கோ வீட்டுக் கடனுக்கோ மாதத் தவணை கட்டுவதாக இருந்தால் மைலேஜை விட்டுவிட்டுக் கணக்குப் போடுங்கள். மைலேஜை நம்பித் தவணையை ஏற்றிக்கொண்ட வீடுகளில், உடம்புக்கு முடியாதபோதும் பிள்ளை லீவு கேட்கத் தயங்குகிறது.

யாருக்கு இந்த வேலை வேண்டாம் என்பேன்? பகலில் எவ்வளவு களைத்தாலும் கண் மூடாதவர்கள், வேளை தவறினால் வயிறு கெட்டுவிடுபவர்கள், புது இடத்தில் தூக்கமே வராதவர்கள். உங்கள் மகள் பாலிடெக்னிக் ஹாஸ்டலில் எப்படித் தூங்கினாள் என்று கேளுங்கள், பதில் அதிலேயே பாதி கிடைத்துவிடும். அவள் ஹாஸ்டலில் தூங்கிவிட்டாள், உங்களுக்குத்தான் அந்த மூன்று வருஷமும் தூக்கம் இல்லை என்றால், முடிவை அவளிடம் விட்டுவிடுவதே நியாயம்.

போஸ்டிங் பாலக்காடு கோட்டத்தில்தான் வரும் என்று உறுதியில்லை. தெற்கு ரயில்வேயில் மட்டும் சென்னை, சேலம், திருச்சி, மதுரை, திருவனந்தபுரம், பாலக்காடு என்று ஆறு கோட்டங்கள். தூரமாகப் போட்டால் முதலில் போய்ச் சேரட்டும். சொந்த விருப்பத்தில் வேறு கோட்டத்துக்கு மாறினால் சீனியாரிட்டியில் கடைசிக்குப் போய்விடுவாள் என்பதையும் தெரிந்துகொண்டு, பிறகு மாறுதல் கேட்பதைப் பற்றி யோசிக்கலாம்.

இப்போதைக்குக் கண்ணைக் கவனியுங்கள். கண்ணாடி இல்லாமல் இரண்டு கண்ணிலும் 6/6 பார்வை வேண்டும், நிறங்களைச் சரியாகப் பிரித்துச் சொல்ல வேண்டும். லேசிக் செய்துகொண்டவர்களை எடுக்க மாட்டார்கள், யாராவது அப்படி யோசனை சொன்னால் கேட்காதீர்கள். ரயில்வே பரிசோதனைக்கு முன்னால் கோயமுத்தூரிலோ பாலக்காட்டிலோ ஒரு நல்ல கண் மருத்துவரிடம் நிறக்குருட்டுச் சோதனை உட்பட எல்லாவற்றையும் பார்த்துவிடுங்கள். மருத்துவத்தில் தேறி, நியமன ஆணை கைக்கு வந்து, பயிற்சிக்குச் சேரும் தேதி தெரிந்த பிறகு கோயமுத்தூர் கம்பெனியில் ராஜினாமா கொடுத்தால் போதும். அவர்கள் ஒரு மாத நோட்டீஸ் கேட்பார்களா என்று மட்டும் அவளுடைய ஆஃபர் லெட்டரை எடுத்து இந்த வாரமே பார்த்து வைக்கச் சொல்லுங்கள்.