சால்டர் மேசை: பத்து ஆம்பியருக்கு எத்தனை மில்லிமீட்டர்?

கேள்வி: 12 வோல்ட் டிசி மோட்டாருக்கு 10 ஆம்பியர் டிரைவர் போர்டு ஒன்றைக் கிகேடில் (சர்க்யூட் போர்டு வரையும் மென்பொருள்) வரைகிறேன். டிராக் (போர்டின் செம்புப் பாதை) அகலத்தை 7 மி.மீ. என்று வைத்ததும் மாஸ்ஃபெட் (ஸ்விட்சாக வேலை செய்யும் டிரான்சிஸ்டர்) கால்களைச் சுற்றி டிஆர்சி (வடிவமைப்பு விதிச் சோதனை) பிழைகள் குவிகின்றன. அகலத்தைக் குறைத்தால் சூடாகுமே! என்ன செய்வது?
— க.செ., அல்சூர், பெங்களூரு

பதில்: உங்கள் கணக்கு சரி. ஐபிசி-2221 என்ற போர்டு வடிவமைப்புத் தரநிலையின் சூத்திரப்படி, வெளி லேயரில் (செம்பு அடுக்கில்) 35 மைக்ரான் செம்பு, அதாவது சதுர அடிக்கு 1 அவுன்ஸ், 10 ஆம்பியரைச் சுமந்து 10 டிகிரிக்கு மேல் சூடேறாமல் இருக்க 7.2 மி.மீ. அகலம் வேண்டும். 20 டிகிரி ஏறினாலும் பரவாயில்லை என்றால் 4.7 மி.மீ. போதும். (உள் லேயரில் இதே வேலைக்கு ஏறத்தாழ 19 மி.மீ. கேட்கும்; அந்தப் பக்கமே போகாதீர்கள்.) கிகேடின் கால்குலேட்டர் டூல்ஸில் டிராக் விட்த் பக்கத்தில் இதைச் சரிபார்க்கலாம். இந்த ஏற்றம் பெட்டிக்குள் இருக்கும் வெப்பத்தின் மேல் கூடுவது. வெளியே 28 டிகிரி என்றாலும், மூடிய பெட்டிக்குள் 45 இருந்தால் கணக்கு 45-லிருந்துதான் தொடங்கும்.

பிழைகள் வருவது நீங்கள் எடுத்த கருவியால். டிஓ-220 என்ற மூன்று கால் உறையில் வரும் மாஸ்ஃபெட்டில் காலுக்குக் கால் 2.54 மி.மீ.தான். 7 மி.மீ. டிராக்கை நடுக்காலின் மையத்துக்கு இழுத்தால் இருபுறமும் 3.5 மி.மீ. பரவி, பக்கத்துக் கால்கள் இரண்டையும் மூடிவிடும். போதாததற்கு டிராக்கின் நுனி அரைவட்டம். நீங்கள் நிறுத்திய புள்ளியைத் தாண்டி இன்னொரு 3.5 மி.மீ. நீளும்.

இந்த இடத்தில் டிராக்குக்குப் பதில் ஸோன், அதாவது செம்பு நிரப்பும் பரப்பு, வரையுங்கள். எஃப்.சியூ (மேல் செம்பு) லேயரைத் தேர்ந்து, கன்ட்ரோல்-ஷிஃப்ட்-இசட் அழுத்தி முதல் மூலையில் கிளிக் செய்தால் ஒரு பெட்டி திறக்கும். அதில் நெட்டை (எந்த இணைப்புக்கான செம்பு என்பதை) தேர்ந்தெடுங்கள். கிளியரன்ஸ் (மற்ற செம்பிலிருந்து இடைவெளி) 0.5 மி.மீ., மினிமம் விட்த் 0.5 மி.மீ., பேட் (கால் சால்டராகும் செம்புப் பரப்பு) கனெக்‌ஷன் 'சாலிட்'. பிறகு வேண்டிய வடிவத்தில் மூலைகளை வைத்து, இரட்டைக் கிளிக்கில் மூடி, 'பி' (B) அழுத்தினால் செம்பு நிரம்பும். பக்கத்துக் கால்களைச் சுற்றி இடைவெளியும் தானாக விழும். போர்டு முழுக்கக் கிரவுண்ட் ஸோன் இருந்தால் அதன் பிரையாரிட்டி 0 இருக்கட்டும், பவர் ஸோனுக்கு 1 கொடுங்கள்.

'சாலிட்' என்பதை மறந்தால் வம்பு. பேடைச் செம்போடு நான்கு மெல்லிய கிளைகளால் இணைக்கும் தெர்மல் ரிலீஃப்தான் கிகேடின் வழக்கமான அமைப்பு. கிளை ஒன்றுக்கு 0.5 மி.மீ. என்றால் மொத்தமே 2 மி.மீ. எட்டு மில்லிமீட்டர் அகலத்துக்கு ஸோன் போட்டுவிட்டு, 10 ஆம்பியரையும் அந்த 2 மி.மீ. வழியாகத் திணிப்பது போலாகும். சாலிடுக்கும் விலை உண்டு: செம்பு சூட்டை இழுத்துக்கொள்வதால் 25 வாட் அயர்னில் சால்டர் சரியாக உருகாது, காலில் ஒட்டாமல் உருண்டு நிற்கும். 60 வாட்டும் அகலமான நுனியும் வேண்டும்.

கால்களுக்கு அருகே 2 மி.மீ. அளவுக்குச் செம்பு குறுகினால் கவலை வேண்டாம்; அந்தச் சிறு தூரத்தின் சூட்டை அகலமான பகுதி வாங்கிக்கொள்ளும். அதே குறுகல் 20 மி.மீ. நீண்டால் அங்கேதான் போர்டு பழுப்பேறும். இன்னும் இடம் வேண்டுமா? நடுக்காலை முன்னே வளைத்துப் பொருத்தும் 'ஸ்டாகர்' ஃபுட்பிரிண்ட் (பேடுகளின் அமைப்பு) கிகேட் நூலகத்திலேயே இருக்கிறது.

கேள்வி: 10 ஆம்பியர் மின்னோட்டத்தை மேலிருந்து கீழ் லேயருக்கு இறக்க எத்தனை வயா (லேயர்களை இணைக்கும் செம்பு பூசிய துளை) போட வேண்டும்?
— எம்.ஆர்., பீன்யா

பதில்: 0.3 மி.மீ. துளையில் 20 மைக்ரான் பூச்சு என்றால், ஒரு வயாவின் செம்புக் குறுக்குப்பரப்பு சுமார் 0.02 சதுர மி.மீ. 7.2 மி.மீ. டிராக்குக்கு 0.25 சதுர மி.மீ. ஆகவே 12 அல்லது 13. எல்லாவற்றையும் ஒரே வரிசையில் மின்னோட்டத்துக்குக் குறுக்கே அடுக்கி, செம்பை நீங்களே சல்லடை ஆக்கிவிடாதீர்கள். இரண்டு மூன்று வரிசையாகப் பரப்புங்கள்.

கேள்வி: வீட்டில் லேசர் பிரின்ட் எடுத்து, இஸ்திரிப் பெட்டியால் ஒட்டி, செம்பை அரிக்கும் ஃபெரிக் குளோரைடில் போர்டு செய்கிறேன். மெல்லிய டிராக் நன்றாக வருகிறது. அகலமான பகுதி மட்டும் அம்மைத் தழும்பு போல ஆகிறது. எஸ்.பி. ரோட்டில் வாங்கிய காப்பர் கிளாட் (செம்பு ஒட்டிய வெற்று போர்டு) மீதும் சந்தேகம்.
— வி.கா., ஸ்ரீராமபுரம்

பதில்: பெரிய கறுப்புப் பரப்பின் நடுவில் டோனர் மெலிந்து படிவது லேசர் பிரின்டரின் குணம். டோனர் சேவ் வசதியை அணைத்து, அடர்த்தியை உச்சத்தில் வையுங்கள். ஒட்டிய பிறகு வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்து, வெளுத்த இடங்களில் பெர்மனன்ட் மார்க்கர் இரண்டு பூச்சு, காய விட்டு. ஸோனைக் கட்டமாக நிரப்பும் 'ஹேட்ச்' வசதி அச்சுக்கு நன்றாக இருந்தாலும் செம்பைக் குறைத்துவிடும். பவர் பாதைக்கு ஆகாது. கிகேடில் பிளாட் செய்யும்போது (அச்சுக்கான ஃபைல் எடுக்கும்போது) டிரில் மார்க்ஸை 'ஸ்மால்' என்று வைத்தால் பேடின் நடுவே சிறு புள்ளி விழும், டிரில் வழுக்காது.

காப்பர் கிளாடைச் சோதிக்கலாம். 35 மைக்ரானுக்குப் பதில் 18 மைக்ரானும் கடைகளில் உண்டு. கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. ஒரு துண்டில் 5 மி.மீ. அகலம், 120 மி.மீ. நீளத்துக்கு ஒரு பட்டையை எட்ச் செய்யுங்கள். இரு முனைகளிலும் கிளிப் போட்டு, கரன்ட் லிமிட் உள்ள சப்ளையில் 1 ஆம்பியர் விடுங்கள். கிளிப்புகளுக்கு உட்புறம், சரியாக 100 மி.மீ. இடைவெளியில் மல்டிமீட்டர் முனைகளை வைத்து மில்லிவோல்ட் பாருங்கள். 10-ஐ ஒட்டி வந்தால் 35 மைக்ரான். 19, 20 என்று வந்தால் 18 மைக்ரான். கிளிப் மேலேயே அளந்தால் தொடர்புத் தடையும் சேர்ந்து ஏமாற்றும்.

கேள்வி: பழைய ஈகிள் (இன்னொரு போர்டு வரையும் மென்பொருள்) ஃபைலைத் திறந்தால் பாலிகன் (செம்பு நிரப்பும் பரப்பு) எல்லாம் வெறும் கோடாகத் தெரிகிறது. கெட்டுப் போயிற்றா?
— ஜெ., விவேக்நகர்

பதில்: இல்லை. ராட்ஸ்நெஸ்ட் கட்டளை கொடுங்கள், நிரம்பிவிடும். ஈகிளுக்கான ஆதரவு 2026 ஜூன் 7 வரைதான் என்று அதன் நிறுவனமான ஆட்டோடெஸ்க் அறிவித்தது. வேண்டிய ஃபைல்களைக் கிகேடில் இம்போர்ட் செய்து, 'பி' அழுத்தி நிரப்பி, டிஆர்சி ஓட்டிப் பாருங்கள்.

கேள்வி: போர்டு தயாராகி வந்துவிட்டது. டிராக் 3 மி.மீ.தான். சால்டரைத் தடவி ஒப்பேற்றலாமா?
— ப.ச., கே.ஆர். புரம்

பதில்: ஓரளவுக்கு. சால்டரின் மின்தடை செம்பைவிட எட்டு ஒன்பது மடங்கு. அரை மில்லிமீட்டர் கனத்துக்கு ஏற்றினாலும் 60 மைக்ரான் செம்புக்குத்தான் சமம், அதுவும் கையால் ஒரே சீராக ஏறாது. செம்பை மூடியிருக்கும் பச்சைப் பூச்சை (மாஸ்க்) சுரண்டி, 1.5 சதுர மி.மீ. செம்புக் கம்பியை டிராக் நெடுக வைத்துச் சால்டர் செய்யுங்கள். உங்கள் டிராக்கில் இருப்பது 0.1 சதுர மி.மீ. மட்டுமே, கம்பி அதைப் போல் பதினைந்து மடங்கு. அடுத்த பதிப்பில் எஃப்.மாஸ்க் லேயரில் அந்தப் பாதை மேல் ஒரு செவ்வகம் வரைந்துவிட்டால் சுரண்டும் வேலை இருக்காது.