மூச்சுவிடாமல் பாடியே ஆக வேண்டுமா?

கேள்வி: பாலக்காடு மாவட்டம் கொழிஞ்சாம்பாறையில் ஒரு கானமேளாக் குழுவில், அதாவது மேடைகளில் திரைப்பாடல் பாடும் குழுவில், பாடுகிறேன் அக்கா. எந்தக் கோயில் திருவிழாவுக்குப் போனாலும் ‘மண்ணில் இந்தக் காதலன்றி’ பாடச் சொல்லித் துண்டுச் சீட்டு வந்துவிடும். “எஸ்.பி.பி. ஒரே மூச்சில் பாடிய பாட்டு, எங்கள் பையனும் அப்படியே பாடுவான்” என்று குழுவை நடத்தும் அண்ணன் மைக்கில் அறிவித்துவிடுகிறார். சரணத்தின் பாதியிலேயே எனக்குக் கண் இருட்டிக்கொண்டு வருகிறது. எனக்குத் திறமை போதாதா? மேடையை விட்டுவிடலாமா?

பதில்: தம்பி, கண் இருட்டும்வரை மூச்சை அடக்குவதை இன்றோடு நிறுத்துங்கள். பாடாத நேரத்திலும் தலை சுற்றினாலோ நெஞ்சு வலித்தாலோ உடனே மருத்துவரைப் பாருங்கள். மேடையை விட வேண்டியதில்லை. அந்தப் பாட்டைப் பாடியவரே செய்யாத ஒன்றை உங்களிடம் எதிர்பார்க்கிறார்கள். அது தெரியாமல் உங்கள் குரலையே நீங்கள் சந்தேகிப்பதுதான் எனக்கு வேதனையாக இருக்கிறது.

அந்தச் சரணங்களை ஒரே மூச்சில் பாடவில்லை என்று பாலசுப்ரமணியமே பின்னாளில் சொல்லியிருக்கிறார். ஒலிப்பதிவுக் கூடத்தில் சில வரிகள் பாடி நிறுத்தலாம். மூச்சு வாங்கிக்கொண்டு, டேப்பைப் பின்னோக்கி ஓட்டி, விட்ட இடத்திலிருந்து தொடரலாம். நடுவே விழுந்த மூச்சுச் சத்தத்தை வெட்டி எடுத்துவிடலாம். இதில் ஏமாற்று எதுவும் இல்லை. அத்தனை வேகத்திலும் ஓர் எழுத்துக்கூட மழுங்காமல், சுருதி இறங்காமல், குரலில் குழைவு குறையாமல் பாடினாரே, அதுவல்லவா சாதனை! ‘ஒரே மூச்சு’ என்ற கதை அந்த உழைப்பை மறைத்துவிடுகிறது என்பதே என் கோபம்.

கதை பரவியதற்குக் காரணம் உண்டு. 1990இல் வெளியான ‘கேளடி கண்மணி’யில் பாலசுப்ரமணியமே கதாநாயகன். வழக்கமாகத் திரையில் வாயசைப்பவர் ஒருவர், குரல் கொடுப்பவர் இன்னொருவர். இங்கே குரலுக்குரியவரே நம் கண்முன் நின்று இடைவிடாமல் பாடினார். ஒலிப்பதிவு முன்பே முடிந்துவிட்ட ஒன்று என்பது யாருக்கு நினைவிருக்கும்? கண்ணால் பார்த்ததாகவே மனத்தில் தங்கிவிட்டது. மேடை அறிவிப்பாளர்களுக்கும் கைதட்டல் வாங்க அது வசதியாயிற்று. போகப் போகச் சரணம் என்பது போய், முழுப் பாட்டும் ஒரே மூச்சு என்றாகிவிட்டது. நடுவில் பல்லவி திரும்புகிறது, வாத்தியங்கள் தனியே ஒலிக்கின்றன; பாட்டைக் கேட்டாலே தெரியும்.

மறுக்க வேண்டியவர்கள் வாய் திறக்காததால் வளர்ந்த கதைகளும் உண்டு. அமெரிக்காவின் ஓஹியோ பிளேயர்ஸ் குழு 1975இல் வெளியிட்ட ‘லவ் ரோலர்கோஸ்டர்’ பாட்டின் நடுவில் ஓர் அலறல் கேட்கும். ஒலிப்பதிவின்போது ஒரு பெண் கொல்லப்பட்டாள், அவளுடைய அலறல்தான் அது என்று வதந்தி கிளம்பியது. உண்மையில் அலறியவர் அந்தக் குழுவின் கீபோர்டு கலைஞர் பில்லி பெக். வதந்தியால் விற்பனை கூடியதால் குழுவினர் மௌனமாக இருந்துவிட்டதாக அதன் டிரம்ஸ் கலைஞரே பிற்பாடு சொன்னார். அங்கே மௌனத்தால் யாருக்கும் மூச்சு முட்டவில்லை. உங்கள் மேடையில் முட்டுகிறது.

அண்ணனிடம் தனியாகப் பேசுங்கள், நிகழ்ச்சிக்குச் சற்று முன்பாக வேண்டாம். உங்கள் பாலக்காட்டைப் பூர்வீகமாகக் கொண்ட சங்கர் மகாதேவனைச் சொல்லுங்கள். 1998இல் வந்த ‘பிரெத்லெஸ்’ பாட்டை ஒரே மூச்சில் பாடவில்லை என்று அவரும் வெளிப்படையாகச் சொன்னவர். அதனால் அவர் பெயர் குறைந்துவிடவில்லை.

பாட்டு நோட்டில் சொற்றொடர் முடியும் இடங்களையெல்லாம் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அங்கே வாயைச் சற்றே திறந்து, தோளைத் தூக்காமல், சத்தமில்லாமல் குட்டி மூச்சு எடுங்கள். அந்தக் கணத்தில் மைக்கைச் சற்று விலக்கினால் கூட்டத்துக்கு அவ்வளவாகக் கேட்காது. முதலில் மெதுவான தாளத்தில் பாடிப் பழகி, வேகத்தைப் படிப்படியாகக் கூட்டுங்கள். அண்ணன் அறிவித்தே தீர வேண்டுமென்றால், “இடைவெளியின்றி ஓடும் சரணங்கள் கொண்ட பாட்டு” என்று சொல்லட்டும்.