செல்வந்தர் புக்கியில் பங்கு: ஆலையை விற்றுப் போடலாமா?

பரந்தனிலிருந்து ஒரு வாசகர் கேட்கிறார்: “லண்டனில் இருக்கும் என் மச்சான், பணக்காரருக்கு மட்டும் பந்தயம் பிடிக்கும் சிறிய புக்கி நிறுவனம் ஒன்றை வாங்கப் போகிறார். வாடிக்கையாளர் முந்நூறு பேர்தான். தொலைபேசியிலும் வட்ஸ்அப்பிலும் பந்தயம். ஆண்டுப் புரள்வு 8 கோடி பவுண். மொத்த இலாபம் கடைசி மூன்று வருடமும் முறையே 9.6 இலட்சம், 16 இலட்சம், 40 இலட்சம். செலவு வருடம் 12 இலட்சம். கேட்கும் விலை 40 இலட்சம் பவுண். ‘இரண்டு வருடத்தில் முதல் வந்துவிடும், 10 வீதம் நீங்கள் எடுங்கள்’ என்கிறார். ஏ9 வீதியோரக் காணியையும் அரிசி ஆலையையும் விற்றுப் போடலாமா?”

இந்த விலைக்கு வேண்டாம். ஆலையை விற்று என்றால் எந்த விலைக்கும் வேண்டாம். மச்சான் தன் காசில், விலையைக் குறைத்து, கொடுப்பனவைப் பிரித்து வாங்குவதென்றால் பேசிப் பார்க்கலாம்.

முதலில் அந்த 8 கோடியை மறந்துவிடுங்கள். எத்தனை மூட்டை நெல் உள்ளே போனது என்று பார்த்து ஆலைக்கு யாரும் விலை பேசுவதில்லை. புக்கிக்குப் புரள்வு என்பது வாடிக்கையாளர் கட்டிய காசு; அதில் பெரும்பகுதி வென்றவர்களுக்கே திரும்பிப் போகிறது. மிஞ்சுவதுதான் மொத்த இலாபம். உங்கள் கணக்கில் அது முதல் வருடம் புரள்வில் 1.2 வீதம், அடுத்தது 2 வீதம், கடைசி வருடம் 5 வீதம். விற்பவர் அந்தக் கடைசி வருடத்தைத்தான் விற்கிறார்.

மூன்றையும் கூட்டிப் பிரித்தால் வருடத்துக்கு ஏறத்தாழ 21.9 இலட்சம். அதில் 15 வீதம் பந்தய வரி, 3.3 இலட்சம். பாதிப் பந்தயம் பிரித்தானியக் குதிரையோட்டத்தில் என்று வைத்துக்கொண்டால், அந்த இலாபத்தில் 5 இலட்சத்துக்கு மேற்பட்ட தொகைக்கு 10 வீதக் குதிரையோட்ட அறவீடு உண்டு; அது சராசரியாக 60 ஆயிரம். செலவு 12 இலட்சத்தையும் கழித்தால் கம்பனி வரிக்கு முன் 6 இலட்சம்தான் தேறும். அதாவது முதல் திரும்ப ஏழு வருடம் வரை செல்லும். வருடம் வருடமாகப் பார்த்தால் முதல் வருடம் 3.8 இலட்சம் நட்டம், இரண்டாவது 1.3 இலட்சம் இலாபம், மூன்றாவது 20 இலட்சத்துக்குச் சற்று மேல்.

இன்னொரு விடயம் 2025 நவம்பர் பிரித்தானிய வரவுசெலவுத் திட்டத்தில் வந்தது. 2027 ஏப்ரல் முதல், தொலைவிலிருந்து பிடிக்கும் பந்தயங்களுக்கு வரி 15 இலிருந்து 25 வீதமாகிறது. பிரித்தானியக் குதிரையோட்டத்துக்கு விலக்கு உண்டு. மிச்சப் பாதிக்கு அது வருடம் 1.1 இலட்சம் கூடுதல் சுமை, தேறுவது 4.9 இலட்சமாகக் குறையும். இந்தத் தொழிலில் வரி சின்ன விடயமல்ல. பெரும் பந்தயக்காரர்களுக்குப் பேர்பெற்ற விக்டர் சான்ட்லர் 1999 இல் வரிக்காகவே ஜிப்ரால்டருக்குப் பெயர்ந்தார்; 2001 இல் பிரித்தானியா கட்டுகாசின் மீதான வரியைக் கைவிட்டு இலாபத்தின் மீது வரி போட வைத்ததில் அந்தப் பெயர்வுக்கும் பங்குண்டு.

இனி ஒற்றைப் பந்தயத்தின் பலத்தைப் பாருங்கள். ஒருவர் ஒன்றுக்கு ஆறு விலையில் 2 இலட்சம் பவுண் கட்டி வென்றால் நிறுவனம் 12 இலட்சம் கொடுக்க வேண்டும். அது சராசரி வருடத்து மொத்த இலாபத்தில் பாதிக்கு மேல். ஊரில் சிறுதொகைச் சீட்டுகள் ஆயிரக்கணக்கில் சேரும் றேஸ் கடையில் ஒருவர் வென்றதை மற்றவர் தோற்றது சரிக்கட்டும். முந்நூறு பேரில் அப்படிச் சரிக்கட்டாது. அதனால் பெரும் பந்தயத்தின் ஒரு பகுதியை வேறு புக்கியிடமோ பெட்ஃபெயர் போன்ற இணையப் பந்தயச் சந்தையிலோ கைமாற்றி விடுவார்கள். எவ்வளவு கைமாற்றினார்கள், யார் தீர்மானித்தார்கள் என்ற பதிவு கட்டாயம் வேண்டும். கடைசி வருடத்து 5 வீதம், கைமாற்றாமல் துணிந்து வைத்திருந்து அதிர்ஷ்டம் கைகொடுத்ததால் வந்ததா என்பது அதில்தான் தெரியும்.

அடுத்து வாடிக்கையாளர் பட்டியல். பெயர்களை மறைத்தாவது, முதல் இருபது பேரின் 36 மாதப் பதிவைக் கேளுங்கள். மேலே உள்ள ஐந்து பேரை வெட்டிவிட்டு மிச்சக் கணக்கைப் பாருங்கள். அப்போதும் இலாபம் நின்றால் அது வியாபாரம். நிற்காவிட்டால் ஐந்து பேரின் பழக்கத்தைத்தான் விலைக்கு வாங்குகிறீர்கள். அந்தப் பழக்கம் ஒரு விவாகரத்தோடோ நோயோடோ ஒரே நாளில் நின்றுபோகும்.

அதே பதிவில் ஒவ்வொருவரும் எடுத்த விலையை, ஓட்டம் தொடங்கும்போது இருந்த விலையோடு ஒப்பிடுங்கள். ஒன்றுக்கு எட்டில் கட்டிய குதிரை தொடங்கும்போது ஒன்றுக்கு ஐந்துக்கு இறங்கியிருப்பது ஒருவருக்குத் திரும்பத் திரும்ப நடந்தால், அவர் விசயம் தெரிந்தவர், அல்லது விசயம் தெரிந்தவருக்காகக் கட்டுபவர். பெரிய நிறுவனங்கள் தொடர்ந்து வெல்பவருக்குக் கட்டுகாசைக் குறைத்துவிடும். அப்படிக் குறைக்கப்பட்டவர்கள் ஒரு பணக்கார முகத்தை முன்னே நிறுத்தி இப்படியான சிறு நிறுவனத்துக்குள் நுழைவார்கள். இப்படி நல்ல விலையை முந்தி எடுப்பவர் இதுவரை தோற்றிருந்தாலும் நாளை வெல்லப் போவது அவரே.

கடனையும் பாருங்கள். இப்படியான நிறுவனங்கள் பெரும்பாலும் வாடிக்கையாளருக்குக் கடனில் பந்தயம் பிடிப்பவை. 2007 செப்டெம்பர் 1 முதல் பிரித்தானியாவில் சூதாட்டக் கடனுக்கு வழக்குப் போடலாம்; சட்டம் அனுமதிக்கிறது. ஆனால் ஒரு கோடீசுவரர் மேல் வழக்குப் போட்டால் அவருடைய நண்பர்களும் கணக்கை மூடிக்கொண்டு போவார்கள். ஆகையால் கடன்பட்டோர் பட்டியலில் 90 நாள் கடந்ததை எல்லாம் பூச்சியமாக எழுதிவிட்டு விலை பேசச் சொல்லுங்கள்.

அனுமதிப்பத்திரம் கைமாறும் பொருளல்ல. கம்பனியின் பங்கை வாங்கும்போது 10 வீதமோ அதற்கு மேலோ எடுப்பவர் கம்பனியைக் கட்டுப்படுத்துபவராகக் கணிக்கப்படுவார். அந்த மாற்றம் நடந்து 5 வாரத்துக்குள் பிரித்தானியச் சூதாட்ட ஆணைக்குழுவுக்கு விண்ணப்பிக்காவிட்டால் அனுமதிப்பத்திரம் பறிபோகும். முன்கூட்டியே விண்ணப்பித்து, பதில் வந்த பிறகு காசைக் கட்டுவதே பாதுகாப்பு. பங்கை வாங்கினால் பழைய தவறுகளும் கூடவே வரும். 2023 மார்ச்சில் வில்லியம் ஹில் குழுமம் வாடிக்கையாளர் பாதுகாப்பு, பணச்சலவைத் தடுப்பு ஆகியவற்றில் விட்ட குறைகளுக்காக 1.92 கோடி பவுண் கட்டியது. இங்கே முதல் இருபது பேரின் கோப்பிலும் காசு எங்கிருந்து வந்தது என்பதற்குச் சான்று இருக்கிறதா என்று சட்டத்தரணி ஒவ்வொன்றாகத் திறந்து பார்க்க வேண்டும். “அவரை எங்களுக்குத் தெரியும்” என்பது சான்றல்ல.

அதே கேள்வி உங்களிடமும் வரும். 10 வீதம் எடுக்கும் நீங்கள் 4 இலட்சம் பவுண் எங்கிருந்து வந்தது என்று காட்ட வேண்டும். ஏ9 காணி உறுதிக் காணியா, பேர்மிற் காணியா? காணி அபிவிருத்திச் சட்டத்தின் கீழ் கிடைத்த பேர்மிற் காணியைப் பிரதேச செயலகத்தின் அனுமதியின்றி விற்க முடியாது. வாய்ப்பேச்சில் கைமாற்றிய காசு ஆணைக்குழுவிடம் ஒரு சதத்துக்கும் கணக்கில் வராது. வங்கிக்கு வெளியே உண்டியலில் அனுப்பிய காசும் அப்படியே. அதோடு மச்சானின் விண்ணப்பத்தையும் அது கெடுத்துவிடும். 2017 இன் வெளிநாட்டுச் செலாவணிச் சட்டப்படி இங்கிருந்து வெளிநாட்டில் முதலிடுவதற்கு வங்கியில் வெளிமுதலீட்டுக் கணக்கு ஊடாகத்தான் வழி. அதன் உச்சவரம்பு காலத்துக்குக் காலம் மாறும். காணிக்கு விலை பேசமுன் வங்கி முகாமையாளரிடம் இன்றைய வரம்பை எழுத்தில் வாங்குங்கள்.

மச்சானுக்கு நாங்கள் சொல்லக்கூடிய விலை, சராசரி 6 இலட்சத்தின் மூன்று மடங்கு: 18 இலட்சம். அதில் மூன்றில் ஒன்று கையில், மிச்சம் 24 மாதத்தில், அந்த இருபது பேரிடமிருந்து வரும் மொத்த இலாபத்தைப் பொறுத்து. வாடிக்கையாளரோடு பேசும் ஊழியர்கள் விலகிப்போய் அதே ஆட்களை அழைக்கக் கூடாது என்ற ஒப்பந்தமும் வேண்டும். தொலைபேசி எண்கள் அவர்களுடைய கைப்பேசியிலா, நிறுவனத்தின் கைப்பேசியிலா என்பதையும் கேளுங்கள். வென்றவர்களுக்குக் கொடுப்பதற்கென்று 15 இலட்சமாவது தொழிற்படு மூலதனமாகப் புறம்பாக இருக்க வேண்டும். மச்சான் சொன்ன 40 இலட்சத்தில் அது அடங்கவில்லை.

இந்தக் கிழமையே அவரிடம் மூன்றைக் கேட்டு அனுப்புங்கள்: இருபது பேரின் 36 மாதப் பதிவு, நாட்கணக்கோடு கடன்பட்டோர் பட்டியல், ஆணைக்குழுவோடு நடந்த கடிதப் போக்குவரத்து. முதலாவதைக் கூட விற்பவர் தர மறுத்தால் பேச்சை அத்தோடு நிறுத்தச் சொல்லுங்கள்.