பாலீர்ப்புக்கும் சிகரெட்டுக்கும் என்ன தொடர்பு?

கேள்வி: எனக்கு வயது 20, கல்லூரியில் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். ஆண், பெண் இருபாலர் மீதும் எனக்கு ஈர்ப்பு உண்டு. இது இரண்டு தோழிகளுக்கு மட்டுமே தெரியும். அவர்களோடு பழகியபோது சிகரெட்டும் பழகிவிட்டது. இப்போது தினமும் நான்கைந்து. என்னைப் போன்ற பெண்கள்தான் அதிகம் புகைக்கிறார்கள் என்று படித்தேன். எங்கள் உடம்பிலேயே ஏதாவது கோளாறா? என்னால் விட முடியுமா?

பதில்: கோளாறு எதுவும் இல்லை. அந்தப் பயத்தை முதலில் விட்டுவிடுங்கள்.

நீங்கள் படித்தது சரிதான். பொதுவாகப் பெண்களைவிட ஆண்களே அதிகம் புகைக்கிறார்கள். ஆனால் பாலீர்ப்பையும் கேட்டறிந்த ஆய்வுகளில், குறிப்பாக அமெரிக்காவில் நடந்தவற்றில், தன்பாலீர்ப்பும் இருபாலீர்ப்பும் உள்ள பெண்கள் மற்ற பெண்களைவிடக் கூடுதலாகப் புகைப்பது தெரியவந்தது. ஆண்களிடம் இந்த இடைவெளி அவ்வளவு பெரிதாக இல்லை. இருபாலீர்ப்புள்ள பெண்களிடம் பழக்கம் அதிகம்.

ஏன் இப்படி? தன்னை மறைத்து வாழ்வது ஓயாத வேலை. யாரிடம் எதைச் சொன்னோம், யார் கண்டுபிடிப்பார்கள் என்று மனம் எந்நேரமும் காவல் காக்கிறது. இதை இலன் மேயர் என்ற ஆய்வாளர் ‘சிறுபான்மையினரின் மன அழுத்தம்’ என்று விளக்கினார். சிகரெட் நிறுவனங்களும் சும்மா இருக்கவில்லை. 1990களில் ஆர்.ஜே. ரெனால்ட்ஸ் நிறுவனம் சான் பிரான்சிஸ்கோவில் தன்பாலீர்ப்பாளர்களையும் வீடற்றவர்களையும் குறிவைத்துத் தீட்டிய விற்பனைத் திட்டத்தின் சுருக்கப் பெயர் ‘ஸ்கம்’. கழிசடை என்று அர்த்தம். உங்களைப் போன்றவர்களைப் பற்றி அவர்கள் என்ன நினைத்தார்கள் என்பதற்கு வேறு சாட்சி வேண்டாம்.

‘புகைத்தால்தான் மனசு லேசாகிறது’ என்று உங்களுக்குத் தோன்றலாம். இழுத்த சில நொடிகளில் நிகோடின் மூளையை எட்டுகிறது. சுமார் இரண்டு மணி நேரத்தில் இரத்தத்தில் அதன் அளவு பாதியாகிவிடும். அப்போது எழும் படபடப்பை அடுத்த சிகரெட் அடக்குகிறது. தான் உண்டாக்கிய தவிப்பையே அது தணிக்கிறது. மறைத்து வாழும் பாரம் அப்படியேதான் இருக்கும்.

நான்கைந்துதானே என்றும் எண்ண வேண்டாம். தினமும் ஒன்றே ஒன்று புகைப்பவருக்குக்கூட, 20 புகைப்பவருக்குக் கூடும் இதயநோய் ஆபத்தில் பாதியளவு வந்துவிடுகிறது. கருத்தடை மாத்திரை எடுத்துக்கொண்டால் மருத்துவரிடம் கட்டாயம் சொல்லுங்கள். ஈஸ்ட்ரோஜன் உள்ள மாத்திரையோடு புகையும் சேர்ந்தால் இரத்தம் உறையும் ஆபத்து கூடும். தவிர, அந்த ஹார்மோன் உடலில் நிகோடினை வேகமாகக் கரைத்துவிடுவதால் அடுத்ததற்கான ஏக்கமும் சீக்கிரம் வரலாம்.

சரி, விட முடியுமா? நிச்சயமாக முடியும். உங்களுக்கு இதில் கடினமான இடம் நிகோடின் அல்ல, அந்த இரண்டு தோழிகள் என்றே நினைக்கிறேன். நீங்கள் நீங்களாக இருக்கும் ஒரே இடத்தில் சிகரெட்டும் இருக்கிறது. அதை விட்டால் அவர்களையும் இழந்துவிடுவோமோ என்ற பயம் உள்ளுக்குள் இருக்கும். அதனால் அவர்களிடமிருந்து விலகாதீர்கள். ‘இந்தத் தேதியில் நிறுத்துகிறேன், என் முன்னால் நீட்டாதீர்கள்’ என்று நேராகச் சொல்லுங்கள். உங்கள் பெரிய ரகசியத்தைக் காப்பவர்கள் இதையும் செய்வார்கள். சந்திக்கும் இடத்தை மட்டும் கொஞ்ச நாள் மாற்றிக்கொள்ளுங்கள்.

முதல் இரண்டு மூன்று நாள்தான் மிகக் கடினம். எரிச்சல், தூக்கமின்மை எல்லாம் சில வாரங்களில் அடங்கும். மருத்துவரைக் கேட்டு நிகோடின் சூயிங்கம் பயன்படுத்தலாம். அதைச் சாதாரண சூயிங்கம் போல் மென்றுகொண்டே இருக்கக் கூடாது. சுள்ளென்ற ருசி வந்ததும் கன்னத்தில் ஒதுக்கி வையுங்கள், அது அடங்கியதும் மறுபடி மெல்லுங்கள். முன்னதாகக் கால் மணி நேரம் காபி, குளிர்பானம் வேண்டாம்.

இதற்காக உங்கள் பாலீர்ப்பை மருத்துவரிடம் சொல்லியாக வேண்டும் என்றில்லை. ஆனால் மனச்சோர்வு இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலோ, வாழவே பிடிக்காத எண்ணம் வந்தாலோ தாமதிக்காமல் மனநல மருத்துவரைப் பாருங்கள். ஈர்ப்பை ‘மாற்றிவிடுகிறேன்’ என்று யாராவது சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள். தன்பாலீர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து நீக்க 1990இலேயே உலக சுகாதார அமைப்பு முடிவெடுத்துவிட்டது.